பாலைவன நடையில ஆன்மிகம் இருக்கா? மத்தியானத்தை பத்தி கொஞ்சம் பேசணும்

நீங்க கேட்டது இதுதான்: முதுகுல பையை மாட்டிட்டு நாலஞ்சு நாள் ஆளில்லாத பாலைவனத்துல நடந்துட்டு வர்றவங்க எல்லாரும் "உள்ளுக்குள்ள என்னமோ நடந்துச்சு"ன்னு எழுதறாங்களே, அது நெஜமா, இல்ல சூரிய அஸ்தமன போட்டோவுக்கு கீழ போடற வசனமா? எனக்கு சாமி நம்பிக்கை கிடையாது, நான் போனா எனக்கு ஏதாவது கிடைக்குமா? ரெண்டு மூணு தடவை படிச்சு பார்த்தேன், எனக்கு புரிஞ்ச வரைக்கும் நீங்க உண்மையில கேக்கறது அந்த கடைசி வரியைத்தான். இவ்ளோ காசும் லீவும் செலவு பண்ணி, இவ்ளோ வெயில்ல போய், ஒண்ணுமே தோணாம திரும்பி வந்துட்டா என்ன பண்றதுங்கற பயம். நியாயமான பயம்தான், ஏன்னா நான் முதல் ரெண்டு தடவை அப்படித்தான் திரும்பி வந்தேன். கால்ல கொப்புளம், மூக்குல ரத்தம், போன்ல நானூறு போட்டோ, வேற ஒண்ணும் இல்ல.

நான் யாருன்னு சொல்லிடறேன், அப்போதான் எந்த அளவுக்கு நம்பறதுன்னு நீங்க முடிவு பண்ண முடியும். பதினாறு வருஷமா பேக்பேக்கிங் போறேன், பெரும்பாலும் அமெரிக்காவுல யூட்டா, அரிசோனா பக்கம் கொலராடோ பீடபூமியோட செம்பாறை பள்ளத்தாக்குகள், ரெண்டு தடவை எகிப்தோட சினாய். கொஞ்ச வருஷமா புதுசா வர்றவங்களையும் கூட்டிட்டு போறேன். மணல்மேடா விரிஞ்சு கிடக்கற சஹாராவுக்குள்ள ஒட்டகத்தோட போனது கிடையாது, அதனால அந்த அனுபவத்தை பத்தி பேச எனக்கு தகுதி இல்ல. டாக்டரும் கிடையாது, சாமியாரும் கிடையாது.

பாலைவனம்னா மணல்னு நெனச்சுட்டு இருந்தா முதல்ல அதை விட்டுடுங்க. வருஷத்துக்கு 250 மில்லிமீட்டருக்கு கீழ மழை பெய்யற இடம், அவ்ளோதான் கணக்கு. சஹாராவுலயே கிட்டத்தட்ட கால்வாசிதான் மணல், மிச்சம் பாறையும் சரளைக்கல்லும். நீங்க நடக்கப்போறது பாறை மேலயும் வறண்ட ஓடைப் படுகையிலயும்தான் இருக்கும்.

இப்போ சந்தோஷத்துக்கு வர்றேன், அது நீங்க நெனைக்கற இடத்துல தொடங்காது, தண்ணியில தொடங்கும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர்ங்கறது பொதுவா சொல்ற குறைஞ்சபட்ச கணக்கு, வெயில் ஜாஸ்தின்னா இன்னும் வேணும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. வழியில தண்ணியே கிடைக்காத மூணு நாள் நடைன்னா பன்னெண்டு கிலோ வெறும் தண்ணி, அதுக்கு மேல சாப்பாடு, படுக்கை, மத்ததெல்லாம். முதல் நாள் காலையில அந்த பையை தூக்கி மாட்டும்போது "எதுக்குடா வந்தோம்"னுதான் தோணும், எனக்கு இன்னிக்கும் தோணுது. ஆனா ரெண்டாவது நாள்ல இருந்து ஒரு வேடிக்கை நடக்கும். வீட்டுல இருக்கும்போது மண்டைக்குள்ள ஓடற நூறு விஷயமும் சுருங்கி சுருங்கி மூணே கேள்வியா ஆயிடும்: தண்ணி எவ்ளோ மிச்சம், அடுத்த நிழல் எங்க, இன்னிக்கு ராத்திரி எங்க படுக்கறது. பை வேற நாளுக்கு நாலு கிலோ குறைஞ்சுட்டே வரும், உடம்புக்கு அது உடனே தெரியும். எந்த கேள்வி வந்தாலும் கையில பதில் இருக்கற அளவுக்கு வாழ்க்கை சின்னதா ஆகறது இருக்கே, அதுதான் நான் சந்தோஷம்னு சொல்றது. ஒருவேளை சோம்பேறித்தனமாவும் இருக்கலாம், தெரியல. (தண்ணி பத்தி ஒரு சைடு விஷயம்: பயந்துபோய் வெறும் தண்ணியா குடிச்சுட்டே இருந்தாலும் ஆபத்து, ரத்தத்துல சோடியம் குறைஞ்சு மயக்கம், குழப்பம் வரைக்கும் போகும். உப்பா ஏதாவது தின்னுட்டே குடிக்கணும்.)

ஆனா இதை எல்லாம் நான் ஆன்மிகம்னு சொல்லமாட்டேன். அந்த வார்த்தையை பயன்படுத்தியே ஆகணும்னா நான் மத்தியானத்துக்குத்தான் பயன்படுத்துவேன். போட்டோ போடறவங்க எல்லாரும் விடியலையும் அஸ்தமனத்தையும்தான் போடறாங்க, பாலைவனத்துல ஒரு நாளோட பெரும்பகுதி மத்தியானம்தான், அதை எவனும் படம் எடுக்கறதில்ல, எடுத்தா அசிங்கமா வெளுத்துப்போய்த்தான் வரும்.

எப்படி இருக்கும்னு சொல்றேன். காலையில அஞ்சு மணிக்கு நடக்க ஆரம்பிச்சா வெயில் காலத்துல பத்து மணிக்கு மேல நடக்கக்கூடாது. கிராண்ட் கேன்யன் உள்பகுதியில கோடையில பத்துல இருந்து நாலு வரைக்கும் நடக்காதீங்கன்னு பார்க் நிர்வாகமே சொல்லுது. அப்போ அந்த ஆறு மணி நேரம் என்ன பண்ணுவீங்க? முன்னாடி கூரை மாதிரி நீட்டிட்டு இருக்கற ஒரு பாறையை தேடி கண்டுபிடிச்சு அதுக்கு அடியில படுப்பீங்க. நிழல் ஒரு பாய் அகலம்தான் இருக்கும். அரை மணிக்கு ஒரு தடவை அது நகரும், நீங்களும் ஒரு சாண் நகரணும், இல்லைன்னா முழங்கால்ல வெயில் படும். காத்து நின்னு போயிருக்கும். பறவை சத்தம் கிடையாது. சட்டையில உப்பு வெள்ளை வெள்ளையா கோடு போட்டிருக்கும், வேர்வை வர்றதே தெரியாது, வர்ற வேகத்துல காஞ்சிடும். ஒரு தடவை முகத்துக்கு நேரா ஒரு எறும்பு, தன்னை விட பெரிய ஒரு விதையை இழுத்துட்டு மணல் சரிவுல ஏறிட்டு இருந்துச்சு, மணல் சரியும், கீழ உருளும், திரும்ப ஏறும். வேற வேலை இல்லாததால எண்ணினேன், பதினொரு தடவை. பன்னெண்டாவது தடவை விதையை விட்டுட்டு வேற பக்கமா போயிடுச்சு. விடாமுயற்சி கதைன்னு நெனச்சு பார்த்துட்டு இருந்த எனக்கு சிரிப்பு தாங்கல.

இந்த ஆறு மணி நேரத்துல முதல்ல வர்றது நிம்மதி கிடையாது. போர் அடிக்கும், சும்மா சாதாரண போர் இல்ல, எழுந்து ஓடிடலாம் போல இருக்கற போர். அப்புறம் கோவம். கூட வந்தவன் தண்ணி குடிக்கற சத்தமே எரிச்சலா இருக்கும், இவன் ஏன் இப்படி உறிஞ்சறான்னு ஒரு மணி நேரம் மனசுக்குள்ள வழக்கு நடத்தியிருக்கேன். எப்பவோ ஆபீஸ்ல ஒருத்தர் சொன்ன ஒரு வார்த்தைக்கு இப்போ நல்ல பதில் தோணும். ஏதோ ஒரு பழைய விளம்பரப் பாட்டு அரை வரி மட்டும் சுத்திட்டே இருக்கும். என்னோட முதல் ரெண்டு பயணத்துலயும் நான் பண்ண தப்பு இதுதான், அந்த நேரத்தை முழுக்க போன்ல இறக்கி வெச்சிருந்த படம் பார்த்தே கழிச்சுட்டேன், சாயங்காலம் எழுந்து அழகான இடத்துக்கு நடந்து போட்டோ எடுத்தேன்.

இது புது கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்ல. நாலாம் நூற்றாண்டுல எகிப்து பாலைவனத்துல தனியா போய் உக்காந்த கிறிஸ்தவ துறவிகள் இருந்தாங்க, அவங்கள்ல எவாக்ரியஸ்னு ஒருத்தர் இதை பத்தி எழுதியே வெச்சிருக்கார். துறவியை பிடிக்கற பேய்கள்லயே ரொம்ப மோசமானது மத்தியானப் பேய்னு சொல்றார். அது வந்துட்டா சூரியன் நகராத மாதிரி இருக்கும், ஒரு நாள் அம்பது மணி நேரம் ஆன மாதிரி இருக்கும், எட்டி எட்டி வெளிய பார்க்க தோணும், யாராவது வர்றாங்களான்னு. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நான் பாறைக்கு அடியில படுத்துட்டு பார்த்த அதே சரக்கு. நம்ம ஆளுங்களும் இதை கவனிச்சிருக்காங்கன்னுதான் எனக்கு தோணுது, அஞ்சு திணைக்கும் பொழுது பிரிச்சப்போ பாலைக்கு குடுத்தது நண்பகலை, உணர்ச்சியா குடுத்தது பிரிவை. குறிஞ்சியும் முல்லையும் காஞ்சு போனா அதுதான் பாலைன்னு வேற சொன்னாங்க. அதாவது அது தனியா ஒரு ஊரு இல்ல, நல்லா இருந்த நிலத்துல இருந்து எல்லாம் போனதுக்கப்புறம் மிச்சம் இருக்கறது. நண்பகல்ல நிழலோட சேர்ந்து நகர்ந்துட்டு படுத்திருந்தா இது பாட்டுக்கு எழுதின ஏற்பாடுன்னு மட்டும் தோணாது.

அப்புறம் என்ன ஆகும்? எனக்கு பொதுவா மூணாவது நாள் மத்தியானம் அந்த வழக்கு, பாட்டு எல்லாம் தேய்ஞ்சு போயிடும். தேய்ஞ்சு போனதை நான் கவனிக்கறது கூட கிடையாது, திடீர்னு எதிர்ப்பக்க பாறைச் சுவர்ல கருப்பா நீளமா வழிஞ்ச மாதிரி இருக்கற கறையை ரொம்ப நேரமா பார்த்துட்டு இருக்கேன்னு தெரியும். அந்த கறை மாங்கனீசும் இரும்பும் களிமண்ணும் மெல்லிசா படிஞ்சு படிஞ்சு வர்றது, ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். நாலு மணி வாக்குல நிழல் ஓடைக்கு குறுக்கே நீண்டுடும், காத்து மறுபடி கிளம்பும், கேன்யன் ரென்னுன்னு ஒரு குட்டிக் குருவி மேல இருந்து படிப்படியா இறங்கற மாதிரி கத்தும். அப்போ உடம்புல ஒரு லேசு வரும் பாருங்க, அதுக்கு நான் பேர் வெக்கறதில்ல. வந்த தடவையும் உண்டு, வராத தடவையும் உண்டு, உத்தரவாதம் குடுக்கறவங்களை நம்பாதீங்க.

ஒரு தடவை நான் பண்ண முட்டாள்தனத்தையும் சொல்லணும். மேப்புல ஊற்றுன்னு நீலப் புள்ளி போட்டிருந்துச்சு, அந்த வருஷம் தண்ணி இருக்கான்னு ரேஞ்சர் ஆபீஸ்ல (அந்த இடத்தை பார்த்துக்கற காவலர்கள் ஆபீஸ்) கேக்காம கிளம்பிட்டேன், முழுக்க என் தப்பு. போய் பார்த்தா பாறை வெடிப்புக்கு கீழ பாசி பழுப்பா காஞ்சு, விரல் வெச்சா பொடியா உதிருது. ரெண்டு பேருக்கும் சேர்த்து ரெண்டரை லிட்டர் இருந்துச்சு. முன்னாடி ஒன்பது கிலோமீட்டர்ல இன்னொரு நீலப் புள்ளி, பின்னாடி பதினாலு கிலோமீட்டர்ல நாங்க கண்ணால பார்த்த ஓடை. நண்பர் முன்னாடி போலாம்னாரு, நான் பின்னாடின்னேன், நிழல்ல உக்காந்து சாயங்காலம் வரைக்கும் அசையாம இருந்துட்டு அரை நிலா வெளிச்சத்துல திரும்பி நடந்தோம். பேச்சே கிடையாது. வாயைத் திறந்தா ஈரம் போயிடும்னு ஒரு பயம். ராத்திரி மூணு மணி இருக்கும், ஓடை வந்துச்சு. தண்ணி சத்தம் முதல்ல கேட்டுச்சா, ஈர மண் வாசனை முதல்ல வந்துச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குள்ள சண்டை. வந்து நின்னுட்டு, அவ்ளோ தாகத்துலயும், பில்டர்ல தண்ணி சொட்டு சொட்டா இறங்கறதுக்கு காத்துட்டு இருந்தோம், அது ஒரு பத்து நிமிஷம். முதல் குவளை வந்ததும் என் நண்பர், உங்களை மாதிரியே நம்பிக்கை இல்லாதவர், ரெண்டு கையாலயும் வாங்கி நெத்தியில ஒரு நிமிஷம் வெச்சுட்டுத்தான் குடிச்சார். மறுநாள் கேட்டா "குளிர்ச்சிக்கு வெச்சேன்"ங்கறார். இருக்கலாம்.

ராத்திரி வானத்தை பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, ரொம்ப இழுக்க விரும்பல. காத்துல ஈரம் இல்லாததால பகல் சூடு அப்படியே மேல போயிடும், அதான் பகல்ல வெந்துட்டு ராத்திரி நடுங்கறோம், வானமும் அதே காரணத்தால தெளிவா இருக்கும். கண்ணு இருட்டுக்கு முழுசா பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், நடுவுல ஒரு தடவை போன் வெளிச்சம் பட்டா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். வசந்த காலத்துல இருட்டினதுக்கு அப்புறம் மேற்குல ஒரு மங்கலான முக்கோண வெளிச்சம் சாய்வா நிக்கும், பக்கத்து ஊரு லைட்டுன்னு நெனச்சுடாதீங்க, கோள்களுக்கு நடுவுல இருக்கற தூசி மேல சூரிய ஒளி பட்டு வர்றது. முதல் தடவை பார்த்தப்போ நான் ஏதோ ஊருன்னு நெனச்சு மேப்பை எடுத்து தேடினேன்.

எது உறுதி, எது சந்தேகம்னு இப்போ பிரிச்சு சொல்லிடறேன். உடம்போட கடிகாரம் மாறறது உறுதி. 2013ல கொலராடோ பல்கலைக்கழகத்துல எட்டு பேரை ஒரு வாரம் செயற்கை வெளிச்சமே இல்லாம வெட்டவெளியில தங்க வெச்சு பார்த்தாங்க, தூக்கத்துக்கு உடம்பை தயார் பண்ற மெலடோனின்ங்கற ஹார்மோன் சுரக்கற நேரம் சுமார் ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்துச்சு, சூரியனோட ஒத்துப்போச்சு. சின்ன ஆய்வு, அதுவும் மலையில நடந்தது, ஆனா ராத்திரி எட்டு மணிக்கே கண்ணு சொக்கறதை பாலைவனத்துல நடந்த எல்லாரும் சொல்வாங்க. பிரமிப்பு பத்தி கெல்ட்னர், ஹைட்னு ரெண்டு உளவியல்காரங்க 2003ல எழுதினதும் எனக்கு பொருத்தமா படுது: ரொம்ப பெருசா ஒண்ணு முன்னாடி நிக்குது, நம்ம மண்டையில இருக்கற அச்சுல அது அடங்கமாட்டேங்குது, அச்சையே மாத்த வேண்டியிருக்குன்னு. இதுவரைக்கும் சரி. ஆனா அப்படி வர்ற உணர்வு மூளையோட வேலையா, அதுக்கு அப்பால ஏதாவதான்னு கேட்டா அதை நடந்து கண்டுபிடிக்க முடியாது, நான் பதினாறு வருஷம் நடந்தும் முடியல. "வாழ்க்கையே மாறிடுச்சு"ங்கறதுலயும் எனக்கு சந்தேகம் ஜாஸ்தி. என் அனுபவத்துல ஊருக்கு திரும்பி ரெண்டு வாரம் தாங்கும், குழாயைத் திறந்தா தண்ணி வர்றதை நின்னு பார்ப்பேன், அப்புறம் பழைய ஆளாயிடுவேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். பாலைவனத்துக்கு போன பெரியவங்க யாரும் அழகுக்காக போகல. எகிப்து துறவி அந்தோணியார் கிட்டத்தட்ட இருபது வருஷம் ஒரு பாழடைஞ்ச கோட்டைக்குள்ள தனியா அடைஞ்சு கிடந்தார்னு சொல்றாங்க, அவர் போனது பேய்களோட சண்டை போட. சார்ல்ஸ் த ஃபூக்கோங்கற பிரெஞ்சு துறவி 1911ல அல்ஜீரியாவோட அசெக்ரம் மலையில ஒரு சின்ன கல் குடில் கட்டினார், ஆனா அவர் காலத்தை பெரும்பாலும் செலவு பண்ணது சஹாராவுல வாழற துவாரெக் மக்களோட மொழியை படிச்சு அகராதி தொகுக்கறதுல. இன்னொரு பக்கம் எவரெட் ரூஸ்னு இருபது வயசு பையன், ஓவியம், கவிதைன்னு இருந்தவன், 1934ல யூட்டாவோட எஸ்கலான்டே பள்ளத்தாக்கு பக்கம் தனியா போனவன் திரும்பி வரவே இல்ல. அவனை காவிய நாயகன் மாதிரி பேசறவங்களை பார்த்தா எனக்கு எரிச்சல் வரும், அவன் அம்மாவும் அப்பாவும் அதுக்கப்புறம் வருஷக்கணக்கா காத்துட்டு இருந்தாங்க.

சரி, உங்களுக்கு ஏதாவது கிடைக்குமா? நம்பிக்கை இல்லாததால கிடைக்காதுன்னு நெனைக்காதீங்க, நான் கூட்டிட்டு போனவங்கள்ல ரொம்ப பக்தியா வந்து ஒண்ணும் தோணாம போனவங்களும் இருக்காங்க, சும்மா வந்து அழுதவங்களும் இருக்காங்க, இதுல எனக்கு எந்த ஒழுங்கும் புலப்படல. முதல் தடவை தனியா போகாதீங்க. ரெண்டு ராத்திரி, மூணு பகல் போதும், தண்ணி ஓடறது உறுதியா தெரிஞ்ச பள்ளத்தாக்கா பாருங்க, கோடையை விட்டுடுங்க, வசந்தமோ இலையுதிர் காலமோ சரி, ராத்திரி தங்க பெர்மிட் வேணுமான்னு முன்னாடியே கேட்டுடுங்க. எப்போ திரும்புவீங்கன்னு ஒருத்தர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு போங்க. ஓடைப் படுகையில கூடாரம் போடவே போடாதீங்க, உங்க தலைக்கு மேல வானம் நீலமா இருந்தாலும் எங்கயோ பெய்யற மழை வந்து சேரும், 1997 ஆகஸ்ட்ல அரிசோனாவோட ஆன்டிலோப் கேன்யன்ல பதினோரு பேர் செத்தது அப்படித்தான், மழை பெஞ்சது பல மைல் தள்ளி. தரையில கருப்பா, புடைச்சு புடைச்சு, கேக் மேல வர்ற ஓடு மாதிரி ஒரு மண் இருக்கும், அதை மிதிக்காதீங்க, அது உயிருள்ளது, நுண்ணுயிர்கள் நாரு மாதிரி மண்ணை பின்னி பிடிச்சு வெச்சிருக்கு, ஒரு காலடி பட்டா சரியாக வருஷக்கணக்காகும், பாறை மேலயோ ஓடை மணல் மேலயோ நடங்க. பாறைக்குழியில தேங்கின தண்ணியில கை கால் கழுவாதீங்க, உத்து பார்த்தா நகத்தளவுல இறால் மாதிரி ஒண்ணு தலைகீழா நீந்திட்டு இருக்கும், அதோட முட்டை வருஷக்கணக்கா காஞ்ச சேறுல கிடந்து மழை வந்ததும் பொரிச்சது, உங்க சன்ஸ்கிரீன் பட்டாலே போச்சு.

போட்டோ எடுங்க, தப்பே இல்ல, காலையிலயும் சாயங்காலமும் ஆசை தீர எடுங்க. பத்து மணி ஆனதும் போனை அணைச்சு பையோட அடியில போட்டுடுங்க, முதல் தடவை புத்தகம் கூட வேணாம். ரெண்டாவது நாள் மத்தியானம் இந்த ஆளு பேச்சை கேட்டு வந்தோமேன்னு என்னை திட்ட தோணும், தாராளமா திட்டுங்க. எந்த மாசம் போறதா இருக்கீங்க, கூட யாரு வர்றாங்கன்னு எழுதுங்க, தண்ணி இருக்கற ரெண்டு மூணு வழி என்கிட்ட இருக்கு, பொருத்தமானதை சொல்றேன். இந்த தடவை நான் ரேஞ்சர் ஆபீஸுக்கும் போன் போட்டு கேட்டுட்டே சொல்றேன்.